சின்னதா, சில்லுனு ஒரு லேப்டாப்: மேக்புக் ஏர் எம்4 வாங்கி பத்து நாள் ஆச்சு

முதல்லயே சொல்லிடறேன், இது வருஷக்கணக்குல ஓட்டிட்டு எழுதுற ரிவ்யூ இல்ல. கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகுது, அதனால ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரி எப்படி இருக்கும், கீ எழுத்து அழிஞ்சு போகுமா இதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. மெஷின் ஆப்பிளோட 13 இஞ்ச் மேக்புக் ஏர், எம்4 சிப் (ஆப்பிளோட சொந்த ப்ராசஸர், எம்1ல ஆரம்பிச்சு இது நாலாவது தலைமுறை), 2025 மார்ச்ல வந்த மாடல், 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ், அதாவது எம்4 ஏர்லயே அடி மாடல். கலர் ஸ்கை ப்ளூ.

ஏன் இதுன்னா, மெட்டல் பாடி. அவ்ளோதான் காரணம், சிப்பு கிப்பெல்லாம் அப்புறம் படிச்சு தெரிஞ்சிக்கிட்டது. என்கிட்ட இருந்த பழைய லேப்டாப் 15.6 இஞ்ச் பிளாஸ்டிக் பாடி, கம்பெனி பேரு வேணாம் விடுங்க, ஒரு நாள் சும்மா திறக்குறேன் டக்குனு ஒரு சத்தம், ஸ்க்ரீன் ஓரம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. கழட்டிப் பாத்தா ஹிஞ்ச், அதான் மூடியை மடக்குற கீல், நல்லா கல்லு மாதிரி இருக்கு, அந்த ஹிஞ்சை பிடிச்சிருக்குற ஸ்க்ரூ உக்காந்திருந்த பிளாஸ்டிக் முளைதான் பேத்துக்கிட்டு வந்துருச்சு. ஸ்டீல் ஹிஞ்சு, அதை தாங்குறதுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி, தினம் பத்து தடவை திறந்து மூடுனா வேற என்ன ஆகும். ஃபெவிக்விக், எம்-சீல் எல்லாம் போட்டு ஆறு மாசம் ஓட்டுனேன், அதுக்கப்புறம் பின்னாடி ஒரு புத்தகம் முட்டுக் குடுத்தாதான் ஸ்க்ரீன் நிக்கும்னு ஆயிருச்சு. அப்பவே முடிவு பண்ணேன், அடுத்தது இரும்போ அலுமினியமோ, பிளாஸ்டிக் மட்டும் வேணாம்னு.

சரி டப்பாவை பிரிச்சதும் முதல் விஷயம், சில்லுனு இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்த மாதிரி. என் அண்ணன் பையன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தான், அவன் தொட்டுப் பாத்துட்டு "சித்தப்பா உள்ள ஏசி இருக்கா"ன்னு கேட்டான். ஏசியெல்லாம் இல்லடா, ரூம்ல இருக்குற டேபிளும் இதுவும் ஒரே சூட்டுலதான் இருக்கு, ஆனா அலுமினியம் நம்ம கையில இருக்குற சூட்டை பிளாஸ்டிக்கை விட ரொம்ப வேகமா இழுத்துக்கும், அதான் சில்லுனு தெரியுதுன்னு சொன்னேன், அவனுக்கு போரடிச்சு டப்பாவை எடுத்துக்கிட்டு போயிட்டான். ஆனா இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, இந்த மெஷினோட நல்லது கெட்டது பாதி இதுல இருந்துதான் வருது, கீழ சொல்றேன்.

சைஸ் பத்தி. ஸ்பெக் ஷீட்ல 30.41 செமீக்கு 21.5 செமீன்னு போட்டிருக்கு, இத படிச்சா ஒண்ணும் புரியாது, ஒரு ஏ4 பேப்பரை எடுத்து மேல வைங்க, அது 29.7க்கு 21. நீளத்துல ஏழு மில்லிமீட்டர், அகலத்துல அஞ்சு மில்லிமீட்டர், அவ்ளோதான் வெளிய தெரியுது. தடிமன் 1.13 செமீ, எடை 1.24 கிலோ. பழைய பையில போட்டு முதல் நாள் வெளிய கிளம்புனப்போ படி இறங்கிட்டு திரும்பி ஏறி வந்து பையை திறந்து பாத்தேன் லேப்டாப் உள்ள இருக்கான்னு. அப்படி ரெண்டு தடவை ஆச்சு. இப்ப பழகிருச்சு.

இந்த சைஸ் மோகம் 2008 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஒரு ஆபீஸ் கவர்ல இருந்து முதல் ஏரை உருவி எடுத்தாரே, அங்க ஆரம்பிச்சது. அது 1.36 கிலோ, யூஎஸ்பி போர்ட் மொத்தமே ஒண்ணுதான். அந்த டிசைன் முன்னாடி கத்தி மாதிரி ஒல்லியா பின்னாடி தடியா சரிவா இருக்கும், 2020ல வந்த எம்1 ஏர் வரைக்கும் அதே சரிவுதான். 2022 எம்2ல இருந்து தட்டையா ஒரே தடிமன் ஆயிருச்சு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா அளந்து பாத்தா எம்1 ஏரோட பின்பக்கம் 1.61 செமீ, இது 1.13, ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா பழசுதான் ஒல்லியா தெரியும். கண்ணை ஏமாத்துற வித்தை அந்த சரிவு. எனக்கு தட்டைதான் பிடிச்சிருக்கு, ஆனா ஒண்ணு, முன்னாடி விளிம்பு மணிக்கட்டுல லேசா அழுத்துது, ரொம்ப நேரம் டைப் பண்ணா ஒரு கோடு விழுது. டேபிள் உயரம் சரியில்லைனா இன்னும் நல்லா தெரியும்.

ஒரு கையில ஒரு மூலையை மட்டும் பிடிச்சு தூக்குனா வளையவே இல்ல, கீச்சுனு ஒரு சத்தம் கூட இல்ல. கீபோர்டு நடுவுல அழுத்தி பாத்தாலும் குழி விழல. ஆப்பிள் 2008 அக்டோபர்ல இருந்து மேக்புக் பாடியை ஒரே அலுமினிய கட்டியில இருந்து மெஷின் வெச்சு குடைஞ்சு எடுக்குற வழிக்கு மாறுனாங்க, தகடு தகடா ஒட்டாம குடையுறதால வர்ற கெட்டி இது. மூடியை ஒரு விரல்ல தூக்கலாம், அடிப்பாகம் கூடவே எந்திரிச்சு வராது, பழைய ஹிஞ்சு கதைக்கு அப்புறம் இத நான் சும்மாவே நாலு தடவை தூக்கி தூக்கி மூடுனேன்.

வேற கம்பெனி லேப்டாப் பாக்குறவங்களுக்கு ஒரு டிப்ஸ். பாக்ஸ்ல மெட்டல் பாடின்னு போட்டிருப்பாங்க, பல மாடல்ல மேல் மூடி மட்டும்தான் மெட்டல், கீபோர்டு சுத்தி இருக்குற பாகமும் அடிப்பாகமும் பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக். கையை வெச்சு பாருங்க, சில்லுனு இருந்தா மெட்டல், இல்லைன்னா இல்ல. நகத்தால தட்டி பாத்தாலும் சத்தத்துலயே தெரியும். ஆனா இதுலயும் ஒரு விதிவிலக்கு, எல்ஜி கிராம் மாதிரி மெஷின்ல மெக்னீசியம் அலாய் போடுவாங்க, அது அலுமினியத்தை விட எடை ரொம்ப கம்மி, ஆனா கையில தொட்டா பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், அதுக்காக அத மட்டம்னு நினைச்சுடாதீங்க.

இப்ப மெயின் மேட்டர். இதுக்குள்ள ஃபேன் கிடையாது. எம்1 ஏர்ல இருந்தே கிடையாது. சிப்புல வர்ற சூடு மெட்டல் பாடிக்கு பரவி வெளிய போகணும், அவ்ளோதான் கூலிங். அதாவது இந்த அலுமினியம் அழகுக்கு போட்ட சட்டை இல்ல, அதுவேதான் ரேடியேட்டர். அதனால சத்தம் சுத்தமா ஜீரோ. பழைய லேப்டாப்ல ப்ரவுசர்ல எட்டு டேப் திறந்தா ஹேர் ட்ரையர் மாதிரி கத்தும், அதுக்கு பழகுன காதுக்கு இந்த அமைதி முதல் ரெண்டு நாள் ஒரு மாதிரி சந்தேகமாவே இருந்துச்சு, ஆன்ல இருக்கா ஹேங் ஆயிருச்சான்னு. ராத்திரி எல்லாரும் தூங்குறப்போ உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு இது பெரிய வரம், மைக் வெச்சு வாய்ஸ் ரெக்கார்டிங் பண்றவங்களுக்கும்தான்.

சரி லோடு குடுத்தா என்ன ஆகுது? சாதாரண வேலை, பிரவுசர், மெயில், வேர்டு, எக்செல், ஒரு வீடியோ கால், இதுக்கெல்லாம் அடிப்பாகம் வெதுவெதுப்பு கூட ஆகல, அந்த சில்லு அப்படியே இருக்கு. அப்புறம் ஒரு நாப்பது நிமிஷ 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். முதல்ல பறக்குது, சில நிமிஷத்துல கீபோர்டுக்கு மேல ஸ்க்ரீன் பக்கமா இருக்குற பட்டை சூடாகுது, கையை வெச்சு எடுத்துக்கலாம், ஆனா வெச்சுக்கிட்டே இருக்க முடியாது. மடியில வெச்சிருந்தேன், டேபிளுக்கு மாத்திட்டேன். நல்லா சூடு ஏறுனதுக்கு அப்புறம் சிப்பு தானா வேகத்தை கொஞ்சம் இறக்கிக்கும், ஏன்னா ஊதி தள்ள ஃபேன் இல்ல, பாடி எவ்ளோ சூட்டை காத்துல விடுதோ அவ்ளோதான் ஓட முடியும். என் வேலைக்கு இது பரவால்ல, வாரத்துல ஒரு வீடியோ. தினம் முழுக்க ரெண்டரிங், கேமிங், பெரிய பெரிய கோடு கம்பைல் பண்றதுதான் பொழப்புன்னா ஃபேன் இருக்குற மேக்புக் ப்ரோவோ வேற கனமான லேப்டாப்போ பாருங்க, இத வாங்கிட்டு அப்புறம் திட்டாதீங்க.

இன்னொரு மெட்டல் பாடி சமாச்சாரம், இத யாரும் ரிவ்யூல சொல்ல மாட்டேங்குறாங்க. சார்ஜ்ல போட்டுட்டு மூடி மேல விரலை லேசா தடவுனா ஒரு விர்ர்ருனு அதிர்வு மாதிரி, மெல்லிசா எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். முதல் தடவை பயந்துட்டேன், ஷாக் அடிக்குதோன்னு. இது இந்த மாடல்னு இல்ல, ரெண்டு பின் அடாப்டர்ல ஓடுற எந்த மெட்டல் லேப்டாப்லயும் வரலாம். அடாப்டருக்குள்ள மின் இரைச்சலை வடிகட்டுறதுக்கு ஒரு கப்பாசிட்டர் இருக்கும், அது வழியா ரொம்ப ரொம்ப கொஞ்சமா கரன்ட் பாடிக்கு கசியும், எர்த் இல்லாததால போக வழியில்லாம நின்னு, நம்ம கை பட்டா நம்ம வழியா தரைக்கு போகும். செருப்பில்லாம தரையில கால் வெச்சிருந்தா நல்லா தெரியும், கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்தா தெரியாது. எர்த் உள்ள மூணு பின் கேபிள் போட்டா போயிரும், நான் அப்படித்தான் பண்ணேன். விர்ருனு இல்லாம சுள்ளுனு அடிச்சா மட்டும் அந்த சார்ஜரை உடனே புடுங்கிருங்க, அது வேற கதை, குறிப்பா பேர் தெரியாத சார்ஜர்னா.

கீபோர்டு. நான் நாள் பூரா தமிழ்ல டைப் பண்றவன், அதனால இதுல கொஞ்சம் நின்னு பேசறேன். கீ சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் உள்ள இறங்குது, முதல்ல டேபிள் மேல தட்டுற மாதிரி இருந்துச்சு, மூணாம் நாள் பழகிருச்சு, இப்ப பழைய கீபோர்டுல அடிச்சா சேத்துல கால் வைக்குற மாதிரி இருக்கு. 2018, 2019 ஏர்ல பட்டர்ஃப்ளைன்னு ஒரு கீபோர்டு போட்டு, தூசி போனா கீ மாட்டிக்குதுன்னு உலகம் பூரா பேச்சு ஆச்சே, அது இல்ல இது, 2020லயே பழைய சிசர் டைப்புக்கு திரும்பிட்டாங்க. தமிழுக்கு தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், செட்டிங்ஸ்ல கீபோர்டு இன்புட் சோர்ஸ்ல தமிழ்99, அஞ்சல்னு ரெண்டு தமிழ் டைப்பிங் முறையுமே இருக்கு. க்ளோப் பட்டனை ஒரு தட்டு தட்டுனா இங்கிலீஷ், இன்னொரு தட்டு தமிழ். நான் தமிழ்99 ஆளு, இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய், ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்கு புள்ளி தானா விழும், அந்த வேகத்துக்கு இந்த குட்டையான கீ சும்மா கும்முனு பொருந்துது. ஃபான்ட்டும் நல்லா தெளிவா இருக்கு, தமிழ் சங்கம் எம்என்னு ஒண்ணு கூடவே வரும், அந்த எம்என் யாருன்னா முரசு அஞ்சல்னு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் செஞ்ச முத்து நெடுமாறன்தான். இந்த ரிவ்யூ முழுக்க இதுலயே அடிச்சதுதான். ஒரே வருத்தம், கீ மேல தமிழ் எழுத்து கிடையாது, புதுசா பழகுறவங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கணும்.

டச்பேடு பெருசு, அருமை. ஆனா அது பட்டனே இல்லன்னு எனக்கு தெரியாது! அமுக்குனா க்ளிக்னு இறங்குற மாதிரி இருக்கு, நிஜத்துல இறங்கல, உள்ள ஒரு சின்ன மோட்டார் விரலுக்கு ஒரு தட்டு தட்டி ஏமாத்துது. மெஷினை ஷட் டவுன் பண்ணிட்டு அமுக்கி பாருங்க, கண்ணாடி மேல விரல் வெச்ச மாதிரி செத்து கிடக்கும். அண்ணன் பையன்தான் இத கண்டுபிடிச்சான், "சித்தப்பா பட்டன் ஒடஞ்சு போச்சு, நான் ஒண்ணும் பண்ணல"ன்னு அழாத குறையா வந்து நின்னான், ஆன் பண்ணி காட்டுனதும்தான் முகத்துல உசுரு வந்துச்சு. எனக்கும்தான்.

ஸ்க்ரீன் 13.6 இஞ்ச், 2560க்கு 1664 பிக்சல், வெளிச்சம் 500 நிட்ஸ். எழுத்து அச்சுல அடிச்ச மாதிரி கூர்மையா இருக்கு, தமிழ்ல இது ரொம்ப முக்கியம், பழைய ஸ்க்ரீன்ல சின்ன சைஸ்ல வெச்சா புள்ளி எது கொம்பு எதுன்னு தேடணும். 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது செகண்டுக்கு 60 தடவைதான் படம் மாறும், இப்ப வர்ற போன்ல 120 பாத்துட்டு இதுல வேகமா ஸ்க்ரோல் பண்ணா லேசா இழுக்குற மாதிரி தெரியும், இந்த ரேஞ்ச்ல இத இன்னும் 60லயே வெச்சிருக்குறது கஞ்சத்தனம்தான், வேற வார்த்தை இல்ல. கண்ணாடி பளபளப்பு, பின்னாடி ஜன்னல் இருந்தா உங்க முகம்தான் தெரியும். மேல கேமராவுக்கு ஒரு வெட்டு இருக்கு, அரை நாள் உறுத்துச்சு அப்புறம் மறந்துருச்சு. கேமரா 12 மெகாபிக்சல், நாம நகந்தா அதுவும் கூடவே நகர்ற மாதிரி ஃப்ரேமை மாத்திக்கும், மீட்டிங்ல நடுவுல எந்திரிச்சு தண்ணி குடிக்க போறவங்க இத ஆஃப் பண்ணி வைக்குறது நல்லது.

ஸ்பீக்கர் இந்த உடம்புக்கு நம்பவே முடியல. அவ்ளோதான், கேட்டு பாருங்க.

பேட்டரி 53.8 வாட் ஹவர், கம்பெனி கணக்கு வீடியோவுக்கு 18 மணி நேரம், வைஃபைல வெப்புக்கு 15 மணி நேரம். நான் ஸ்டாப்வாட்ச் வெச்சு அளக்கல. காலைல ஃபுல் சார்ஜ்ல எடுத்துட்டு போறேன், சார்ஜரை வீட்டுலயே விட்டுட்டு போறேன், சாயங்காலம் வந்தும் ராத்திரி வரைக்கும் ஓடுது. வெளிய போனா ப்ளக் பாயின்ட் எங்கன்னு தேடுற அந்த பழக்கமே போயிருச்சு, எனக்கு இந்த மெஷின்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னா இதத்தான் சொல்வேன். மூடி வெச்சுட்டு காலைல திறந்தா சார்ஜ் அதே இடத்துல நிக்குது. மேக்சேஃப்னு ஆப்பிள் சொல்ற சார்ஜிங் கேபிள் காந்தத்துல ஒட்டிக்குது, யாராவது தடுக்கினாலும் கழண்டு வந்துரும் லேப்டாப் கூட வராது. 70 வாட்ஸ் சார்ஜர் இருந்தா வேகமா ஏறும், போன் சார்ஜர் யூஎஸ்பி-சிலயும் ஏறும், மெதுவா.

போர்ட்டுலதான் எனக்கு கொஞ்சம் கடுப்பு. இடது பக்கம் மேக்சேஃப், ரெண்டு தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி-சி வடிவம்தான்), வலது பக்கம் ஹெட்ஃபோன் ஓட்டை மட்டும். பென்டிரைவ் குத்த இடம் இல்ல, எஸ்டி கார்டு இல்ல, எச்டிஎம்ஐ இல்ல. வலது பக்கம் ஒரே ஒரு யூஎஸ்பி-சி வெச்சிருந்தா குறைஞ்சா போயிருவாங்க? முதல் வாரத்துலயே ஒரு போர்ட்டை பல போர்ட்டா பிரிக்குற ஹப் ஒண்ணு வாங்க வேண்டியதாயிருச்சு, அந்த ஹப்பும் வாலு மாதிரி தொங்கிக்கிட்டே வருது. ஆனா எம்4ல ஒரு நல்ல விஷயம், மூடியை திறந்து வெச்சுக்கிட்டே வெளிய ரெண்டு மானிட்டர் போடலாம், இதுக்கு முந்தின எம்3ல ரெண்டாவது மானிட்டர் வேணும்னா லேப்டாப்பை மூடணும்.

256 ஜிபி பத்துமான்னு யோசிச்சு வாங்குங்க. ரேமும் சரி ஸ்டோரேஜும் சரி பின்னாடி மாத்தவே முடியாது, ரெண்டும் உள்ளயே ஒட்டுனது, வாங்குறப்போ எடுத்ததுதான் கடைசி வரைக்கும். 16 ஜிபி ரேம் எனக்கு தாராளம். ஸ்டோரேஜ் மட்டும் இப்பவே போட்டோ எல்லாம் வெளி எஸ்எஸ்டில போட்டு சமாளிக்கறேன், ரெண்டு போர்ட்ல ஒண்ணு அதுக்கு போயிருது, பாத்தீங்களா.

கலர். ஸ்கை ப்ளூன்னு பேரு, ஆனா டியூப் லைட்ல பாத்தா வெள்ளி, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாதான் நீலம். அம்மா "இதுல நீலம் எங்கடா"ன்னு கேட்டாங்க, அதுக்கு பதில் சொல்ல பத்து நாளா முயற்சி பண்றேன். கறுநீல மிட்நைட்டை விட இதுல கைரேகை கம்மியாத்தான் தெரியும், அதுக்காகவே இத எடுத்தேன். அலுமினியம் மேல இருக்குற கலர் பெயின்ட் இல்ல, மெட்டல் மேலயே வளர்த்த ஆக்சைடு படலத்துக்குள்ள ஏத்துன சாயம், அதனால உரிஞ்சு வராது, ஆனா சாவிக்கொத்து மாதிரி எதாவது ஆழமா கீறுனா உள்ள இருக்குற வெள்ளி கலர் தெரிஞ்சிரும்.

அந்த பயத்துல முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் ஹார்டு கேஸ் வாங்கிட்டேன், க்ளிப் போட்டு மாட்டுறது. மாட்டுன ரெண்டாவது நிமிஷம் பாக்குறேன், சில்லு போச்சு, ஒல்லி போச்சு, மூடியில கனம் ஏறி ஸ்க்ரீன் பின்னாடி சாயுது, வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குது. பிளாஸ்டிக் வேணாம்னுதானேய்யா இவ்ளோ தூரம் வந்தோம். கழட்டி ஓரமா வெச்சேன், இப்ப அண்ணன் பையன் அதுல கலர் பென்சில் போட்டு வெச்சிருக்கான். அதுலயும் ஒரு க்ளிப்பை ஒடச்சுட்டான்.